நின்ற இடத்தில் நடந்தவர்கள்

ஜானி வாக்கர் பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக ஒருத்தர் விறுவிறுன்னு நடந்து போவாரே, அவரை 1908-இல் வரைந்தவர் டாம் பிரௌன் என்கிற ஓவியர். வாக்கர்னா நடப்பவர், பொருத்தமாத்தான் இருக்கு. ஆனால் அந்தக் குடும்பப் பெயருக்குக் காரணமான ஆள் எங்கேயும் போகவில்லை. ஒரு தொட்டிக்குள் நின்று நாளெல்லாம் துணி மிதித்தார்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடு, தொளதொளவென்று இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் ஒருவகைக் களிமண்ணும் நாள்பட்ட மூத்திரமும் சேர்த்து மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். மூத்திரத்தின் அம்மோனியா பிசுக்கை எடுக்கும். மிதிபட மிதிபட இழைகள் பின்னிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகும். நாற்றத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இந்த ஒரே வேலைக்கு இங்கிலாந்தில் ஊருக்கொரு பெயர். வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். டக்கருக்கு வேரான பழைய ஆங்கிலச் சொல்லுக்கு 'வதைப்பது' என்று பொருள். துணி பாவம்.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறொன்று. 1185-ஆம் ஆண்டின் டெம்ப்ளர் ஆவணத்திலேயே துணி அடிக்கும் நீராலைகள் பதிவாகியிருக்கின்றன. ஓடும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, மரச் சம்மட்டிகள் கால்களின் வேலையைச் செய்தன. சாதாரண ஜனங்களின் தொழில்பெயர் பரம்பரைப் பெயராக உறைந்ததோ பெரும்பாலும் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில். அதாவது, வாக்கர் என்று பெயர் நிலைத்த பலர் துணியை மிதித்தே இருக்க மாட்டார்கள், ஆலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஆலைக்கும் 'வாக் மில்' என்றுதான் பெயர். கால் போய்விட்டது, நடை பெயரில் தங்கிவிட்டது.

வாடிக்கையாளர் பட்டியலில் இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். வாக்கர், ஃபுல்லர், டக்கர் மூன்றும் அதற்குச் சம்பந்தமே இல்லாத மூன்று சொற்கள். எனக்கு முன்னால் அந்த வேலையை இரண்டு பேர் கண்ணால் பார்த்து, கையால் திருத்திக்கொண்டிருந்தார்களாம். இப்போது அவர்கள் அங்கே இல்லை. மரச் சம்மட்டிகூட நடந்தவனின் பெயரை வைத்துக்கொண்டது. என் நிரலில் அந்த இரண்டு பேரின் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கே தெரியாது, நான் கேட்கவும் இல்லை.