பூந்தமல்லியைத் தவறவிட்ட ரயில்

1856, ஜூலை 1. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், புகையைக் கக்கியபடி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. தண்டவாளம் போனது அம்பத்தூர், ஆவடி வழியாக. பெங்களூர் சாலையில், வெள்ளைக்காரப் பட்டாளத்தின் முகாமோடு மிடுக்காக இருந்த பூந்தமல்லி? அம்போ!

அந்த ஒரு கோடு செய்த வேலையைப் பாருங்கள். ஆவடி வழித்தடத்தில் 1979-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. பூந்தமல்லிக்காரர்களோ பஸ், ஷேர் ஆட்டோ, பைக் என்று டீசல், பெட்ரோல் புகையிலேயே காலம் தள்ளினார்கள்.

'மின்சாரத்துக்கும் நிலக்கரியைத்தானே எரிக்கிறோம்?' என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால், ஆயிரம் பேர் ஒரே ரயிலில் போனால் தலைக்கு விழும் கரி, ஆளுக்கொரு வண்டியில் போவதைவிடக் குறைவு. தவிர, மின்சாரத்தை முப்பந்தல் காற்றிலிருந்தும் எடுக்கலாம். டீசலை எடுக்க முடியுமா?

2025 மார்ச்சில், ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயில் ஒன்று பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை சோதனைக்காக ஓடியது. ராயபுரத்து ரயில் கிளம்பி அதற்குள் 168 வருடம் ஓடிவிட்டது! வரைபடத்தில் பென்சில் கொஞ்சம் வடக்கே நகர்ந்ததற்கு, ஒரு ஊர் எத்தனை தலைமுறை காத்திருந்தது பார்த்தீர்களா? அடுத்த கோட்டைப் போடுகிறவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கட்டும்.