வளவிலிருந்து வரவேற்பறைக்கு: செட்டிநாட்டுப் பழைய மரச்சாமான்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விற்பனைக்கு இருக்கும் பழைய மரச்சாமான்களில் பல, ஏறத்தாழ 1850க்கும் 1940க்கும் இடையே நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டிய பெரிய வீடுகளிலிருந்து வந்தவை. கடல் கடந்து பர்மா, இலங்கை, மலாயா எனக் கொடுக்கல் வாங்கல் நடத்திய அந்தச் சமூகம், ஈட்டிய பணத்தைச் சொந்த ஊரில் வீடாக எழுப்பியது. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. ஐராவதிக் கழிமுகத்தின் சதுப்பும் காடும் நெல்வயலாக மாறின. அந்த வயல்களின் உழவர்களுக்குக் கடன் தந்தவர்களில் முதலிடம் நகரத்தாருக்கு. 1930ஐ ஒட்டி பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன. பணம் வந்த திசையிலிருந்தே மரமும் வந்தது. பர்மாத் தேக்கு தூணாக, நிலைக்கதவாக, ஊஞ்சலாக, அலமாரியாகச் செட்டிநாட்டு வீடுகளில் குடியேறியது.

முகப்பு, முற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் அந்த வீடுகளில் மனிதர்கள் தரையில்தான் வாழ்ந்தார்கள். உண்பது, உறங்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் பாயிலும் சமுக்காளத்திலும் நடந்தன. எனவே அந்த வீட்டுக்கு அதிகம் தேவைப்பட்டவை உட்காரும் சாமான்கள் அல்ல, வைத்துப் பூட்டும் சாமான்கள். பெட்டகம், அலமாரி, நகைப்பெட்டி, கல்லாப்பெட்டி ஆகியவற்றின் எண்ணிக்கைக்கு முன் நாற்காலிகள் குறைவு. ஒவ்வொரு திருமணத்திலும் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைக்கும் வழக்கம் இந்தச் சேமிப்பை இன்னும் பெருக்கியது. மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை. மனைவி கொண்டு வந்த சாமான் அந்த அறைக்குள் தனியே பூட்டப்பட்டது.

நாற்காலியும் சோபாவும் முகப்புக்கு வந்தது வேறு காரணத்தால். ஆங்கில அதிகாரிகளும் வெளியூர்ப் பெரிய மனிதர்களும் வந்தால் அவர்களைத் தரையில் அமர்த்த முடியாது. பெல்ஜியம் கண்ணாடி, ஐரோப்பியச் சரவிளக்கு, ஈட்டி மரத்தில் கடைசல் வேலை செய்த நாற்காலி, பிரம்பு பின்னிய சோபா ஆகியவை வீட்டாரின் செல்வாக்கைக் காட்ட வாங்கப்பட்டவை. ஆக, செட்டிநாட்டுச் சாமான்களில் இரண்டு வம்சங்கள் உண்டு: அன்றாடம் புழங்கத் தச்சர் செய்தது ஒன்று, பார்வைக்காக வாங்கியது மற்றொன்று. இந்த வேறுபாடு தெரிந்தவர் கடையில் தடுமாறுவதில்லை.

அன்றாட வம்சத்துக்கு நல்ல சான்று கணக்குப்பெட்டி. உயரம் முழங்காலைக்கூட எட்டாது. மேல்மூடி எழுதுபவரை நோக்கிச் சரிந்திருக்கும், பேரேட்டைச் சாய்த்து வைத்து எழுதுவதற்காக. மூடியைத் தூக்கினால் மைக்கூட்டுக்கு ஒரு குழி, பேனாவுக்கு ஒரு பள்ளம், சில்லறைக்குச் சிறு அறைகள். சில பெட்டிகளில் ஓர் உள்தடுப்பை நகர்த்தினால்தான் வெளிப்படும் மறைவறையும் உண்டு. பல ஆண்டுகள் புழங்கிய பெட்டியில் முன்விளிம்பு மணிக்கட்டு உரசிய இடத்தில் மட்டும் மழுங்கி வழவழப்பாக இருக்கும், மற்ற மூன்று பக்கங்களும் கூர் மங்காமல் இருக்கும். எந்தப் பாலிஷும் இந்தத் தேய்மானத்தைத் தந்துவிடாது.

இந்தச் செல்வம் கலைந்த கதை 1930இன் பெருமந்தத்தில் தொடங்குகிறது. நெல் விலை சரிந்ததும் உழவர்களால் கடனைத் திருப்ப முடியவில்லை. அடமான நிலங்கள் வட்டிக்கடைகளிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலமே செட்டியார்களிடம் இருந்தது, 1938இல் அது 25 விழுக்காடு. கையில் ரொக்கமில்லாமல் நிலம் மட்டும் குவிந்த அந்த நிலையில் 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தது. நகரத்தார் பலர் கடைகளை விட்டுத் தாயகம் திரும்பினார்கள். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1960களில் நே வின்னின் ராணுவ அரசு மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது.

வருமானம் நின்ற பின்னும் வீடுகள் நின்றன. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் போனார்கள். ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஓட்டைச் சரிசெய்யவும் ஒருமித்த முடிவு வேண்டும். பங்கு பிரிக்கையில் வீட்டைப் பிளக்க முடியாது, சாமானைப் பிரிக்கலாம். அப்படிப் பிரிந்த சாமான் விற்பனைக்கு வந்தது. சில வீடுகள் முழுதாகவே இடிக்கப்பட்டுத் தூணும் உத்தரமும் கதவும் தனித்தனியே விலை போயின. காரைக்குடியின் பழம்பொருள் வணிகம் வளர்ந்தது இந்தச் சிதைவின் மேல்தான். இதை மறந்துவிட்டு அந்தச் சாமான்களின் அழகை மட்டும் பேசுவது அரைகுறைப் பேச்சு.

கடையில் இருப்பவை மூன்று வகை. முதல் வகை, செய்த வடிவிலேயே இருக்கும் பழைய சாமான். இரண்டாவது, இடித்த வீட்டின் மரத்தில் செய்த புதுச் சாமான்: கதவு மேசையாகிறது, சன்னல் சட்டம் கண்ணாடிக்குச் சட்டமாகிறது. மூன்றாவது, புது மரத்தைச் சாயமேற்றிச் சுரண்டிப் பழையதாகக் காட்டுவது. இரண்டாம் வகையில் தவறில்லை, உண்மையைச் சொல்லி விற்றால் நல்ல தேக்கு வீணாகாமல் போகிறது. மூன்றாவது ஏமாற்று. கண்டுபிடிக்கச் சாமானைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பழைய தச்சுவேலையில் துளையும் கழுந்தும் பொருந்தி, மர ஆணி அடித்த மூட்டுகள் தெரியும். அடிப்பலகையில் கை இழைப்புளியின் மெல்லிய அலைகள் விரலுக்குத் தட்டுப்படும். இழுப்பறையின் அடியில் பல்லாண்டு உரசிய தடம் இருக்கும். முதுகில் ஒட்டுப்பலகை இருந்தால் அந்தப் பகுதியாவது பிற்காலத்தது. எல்லா மூலைகளும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் செய்த வேலை.

இன்றைய வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை, அந்தச் சாமான் முன்பு செய்த வேலையே பெரும்பாலும் சொல்லிவிடும். தரையில் சம்மணமிட்டு உட்காரக் கூசாதவருக்குக் கணக்குப்பெட்டி இன்றும் உயிருள்ள சாமான். அதன் சரிவில் மடிக்கணினி வைத்து வேலை செய்யலாம். மேசை நாற்காலியில் பழகியவருக்கு அது தூசி படியும் அலங்காரம் மட்டுமே. சாய்வு நாற்காலி பின்னே நன்றாகச் சாயும். கால் நீட்டிப் போட நீள் கைப்பிடி வைத்ததும் உண்டு. தனியே படிப்பவருக்கு அது வரம், ஆனால் ஒன்றே பாதி அறையை அடைத்துக்கொள்ளும். விருந்தினர் ஓயாத வீட்டுக்குப் பிரம்பு பின்னிய சோபா நல்லது. கனம் குறைவு, காற்று புகும், பிரம்பு தளர்ந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம். சின்னக் குழந்தைகள் ஓடும் வீட்டில் பெல்ஜியம் கண்ணாடி பதித்த அலமாரி வேண்டாம்.

பெரிய அலமாரிக்கு முதலில் அளக்க வேண்டியது அறையை அல்ல, மாடிப்படியின் திருப்பத்தையும் லிஃப்டின் கதவையும். மேல்முடியும் அடிப்பீடமும் கழன்று வரும்படி செய்த அலமாரிகள் உண்டு. வாங்கும்போதே கழற்றிக் காட்டச் சொல்லலாம். ஊஞ்சல் எல்லாரும் ஆசைப்படுவது. உத்தரத்தில் இரும்புச் சங்கிலியில் தொங்கிய கனத்த பலகையை அடுக்ககத்துக் கூரையில் மாட்டுமுன் கட்டடப் பொறியாளரின் சொல் கட்டாயம். தொங்கவிட வழியில்லாவிட்டால் நான்கு கால் பொருத்தி இருக்கையாக்கிக்கொள்ளலாம். கடைசல் வேலை மிகுந்த நாற்காலிகள் வெற்றுச் சுவரும் வெளிச்சமும் உள்ள இடத்தில்தான் எடுபடும். நிறைந்த அறையில் இன்னொரு கனத்த சாமானைத் திணிப்பதைவிட, நாள்தோறும் கை படும் ஒரே ஒரு நல்ல சாமானோடு நிறுத்திக்கொள்வது சிறப்பு.

பராமரிப்பு எளிது: ஈரச் சுவரிலிருந்து விலக்கி வைப்பது, வெயில் நேரே படாமல் பார்ப்பது, உலர்ந்த துணியால் துடைப்பது. பளபளக்கும் வார்னிஷைப் பழைய தேக்கின் மேல் பூசினால் நூறாண்டு நிறம் மறைந்துபோகும்.

வாங்குவோர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள 100 ஆண்டுக்குக் குறையாத பொருள் தொல்பொருளாகக் கொள்ளப்படும்; அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. வெளிநாட்டில் குடியிருப்போர் வாங்குமுன் இந்திய தொல்லியல் துறையிடம் விசாரித்துக்கொள்ளவும், எல்லாரும் சாமானின் தோராயமான வயதும் செய்த மாற்றங்களும் குறித்த ரசீதைக் கேட்டு வாங்கவும்.