தொலைக்காட்சிப் பார்வையாளர் அளவீடும் நிகழ்ச்சி நேரமும்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை வட்டாரம்

எந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை எத்தனை பேர், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை மாதிரி வீடுகளைக் கொண்டு கணிப்பது பார்வையாளர் அளவீடு. பேச்சு வழக்கில் இதை டிஆர்பி என்பார்கள். விளம்பரக் கட்டணமும், எந்தத் தொடர் எத்தனை மணிக்கு என்ற நேரப் பங்கீடும் இந்த எண்ணைப் பார்த்தே முடிவாகின்றன. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியும், அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாக எழும் கல்வராயன் மலையும் நெடுங்காலம் இந்த அளவீட்டுக்கு வெளியே நின்றவை. வேறெங்கோ எடுத்த கணக்கின்படி வகுக்கப்பட்ட நேரத்தில்தான் இவ்வட்டார மக்கள் தொலைக்காட்சி பார்த்து வந்திருக்கிறார்கள்.

தொடக்க காலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. கல்வராயன் மலையில் அப்போது ஜாகிர்தார் முறையே நடப்பில் இருந்தது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் ஆகிய மூன்று ஜாகிர்களும் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976 இல்தான். அதே காலத்தில் செயற்கைக்கோள் வழியே கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளைக் கொண்டுபோன 'சைட்' சோதனை, 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 ஊர்களில் நடந்தது. ராஜஸ்தான், பீகார், ஒடிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரம், கர்நாடகம் ஆகியவை அந்த ஆறு. தமிழ்நாடு அவற்றில் இல்லை. ஆகவே இங்கு கிராமத்துக்கான தொலைக்காட்சி, நகரத் தொலைக்காட்சியின் நீட்சியாகவே வந்து சேர்ந்தது.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கள்ளக்குறிச்சிக்கு நிலையத்தின் அலை நேரடியாக எட்டவில்லை. 1980களின் நடுவில் நாடெங்கும் ஒளிபரப்பை வாங்கி மறுஒளிபரப்பும் குறைதிறன் அஞ்சல் நிலையங்கள் பெருகிய பிறகுதான் உள்மாவட்டங்களில் படம் தெரியத் தொடங்கியது. ஓர் அஞ்சல் நிலையத்தின் எல்லை சுற்றிலும் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் மட்டுமே. அதைத் தாண்டிய ஊர்களில் உயரமான இரும்புக் குழாயில் ஆன்டெனாவைக் கட்டி, ஒருவர் கூரையில் நின்று திருப்ப, மற்றவர் உள்ளிருந்து படம் வருகிறதா என்று குரல் கொடுப்பார். மலைக்கு அப்பால் இருந்த பள்ளத்தாக்கு ஊர்களில் குழாயின் உயரம் பயன்படவில்லை.

பெட்டி இருந்த வீடுகள் குறைவு. ஊராட்சித் தொலைக்காட்சி அறையிலோ, ஊரில் வசதியான ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதே வழக்கம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம், உழவர்களுக்கான 'வயலும் வாழ்வும்' ஆகியவற்றுக்காக மக்கள் கூடினர். 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிறு காலை ஒளிபரப்பான இந்தி 'ராமாயண'த்தை மொழி புரியாமலே பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். இந்தக் கூட்டுப் பார்வையை எந்தக் கணக்கும் சரியாகப் பதியவில்லை. வீட்டை அலகாகக் கொண்ட அளவீட்டில் ஐம்பது பேர் உட்கார்ந்த திண்ணையும் ஒரு பெட்டிதான்.

அன்றைய தூர்தர்ஷன் பார்வையாளர் கருத்தை இரண்டு வழிகளில் அறிந்தது. ஒன்று, அதன் ஆய்வுப் பிரிவு மாதிரி வீடுகளுக்குக் கொடுத்த நாட்குறிப்பு. பார்த்த நிகழ்ச்சிகளை வீட்டார் அதில் தாமே குறித்து வைப்பார்கள். மற்றொன்று கடிதம். சென்னை நிலையத்தின் 'எதிரொலி' நிகழ்ச்சியில் நேயர்களின் கடிதங்களை வாசித்து நிலைய இயக்குநரே பதில் சொன்னார். பதினைந்து காசு அஞ்சலட்டை வாங்க முடிந்த எவரும் நிலையத்தாரிடம் குறை சொல்லலாம் என்பதால், பின்னால் வந்த எந்தக் கருவியையும்விட 'எதிரொலி' சிற்றூர் நேயர்களுக்கு நெருக்கமாக இருந்தது.

நேரப் பங்கீடு டெல்லியின் கையில் இருந்தது. 1982 ஆகஸ்ட் 15 முதல் வண்ண ஒளிபரப்பும் தேசிய நிகழ்ச்சியும் தொடங்கின. அதன் பின் மாலையில் தமிழ், இரவு எட்டரையைத் தாண்டினால் டெல்லியிலிருந்து இந்தியும் ஆங்கிலமும் என்று நாள் இரண்டாகப் பிரிந்தது. களத்து வேலையும் அடுப்படி வேலையும் முடிந்து மக்கள் உட்காரும் நேரத்தில் தமிழ் முடிந்துவிடும். தமிழ்த் தொடர்கள் பதின்மூன்று வாரக் கணக்கில் அடங்கியவை. வாரத்துக்கு ஓர் அரைமணி மட்டுமே அவற்றுக்குக் கிடைத்தது.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியதும் இது தலைகீழானது. தனியார் அலைவரிசைகள் வென்றதற்கு முதன்மைக் காரணம், இரவு எட்டரைக்கு மேற்பட்ட நேரத்தைத் தமிழுக்கு மீட்டதே. ராஜ் டிவி 1994 இலும், ஜெயா டிவி 1999 இலும் வந்தன. விஜய் டிவி 2000களின் தொடக்கத்தில் ஸ்டார் குழுமத்தின் கைக்கு மாறியது. 1999 டிசம்பரில் தொடங்கிய 'சித்தி', 2002 இல் தொடங்கிய 'மெட்டி ஒலி', 2003 இல் தொடங்கிய 'கோலங்கள்' ஆகியவை வாரநாள் தோறும் ஒரே மணிக்கு ஒரே கதை என்ற பழக்கத்தை நிலைநாட்டின. 'கோலங்கள்' 1,500 பகுதிகளைக் கடந்து 2009 வரை ஓடியது.

ஊர் வகைப்பாடு

அளவீட்டில் ஓர் ஊர் இடம்பெறுமா என்பதை அதன் மக்கள் தொகை முடிவு செய்தது. 1990களின் இறுதியில் இந்தியாவில் டாம், இன்டாம் என்ற இரு நிறுவனங்கள் போட்டியிட்டு, பார்ப்பதைப் பதியும் மீட்டர்களை மாதிரி வீடுகளில் பொருத்தின. இரண்டும் வெவ்வேறு எண்களைச் சொன்னதால் விளம்பரதாரர்கள் குழம்பினர். 2000களின் தொடக்கத்தில் அவை ஒன்றாயின. பிரிட்டனிலும் இதே வரலாறு உண்டு. பிபிசி 1936 இலேயே நேயர் ஆய்வைத் தொடங்கியது. 1955 இல் ஐடிவி வந்த பிறகு இரு தரப்பும் தனித்தனிக் கணக்கு வைத்து, ஒரே இரவுக்கு இரு வெற்றியாளர்களை அறிவித்துக்கொண்டிருந்தன. 1981 இல் பார்ப் என்ற பொது அமைப்பு உருவான பின்பே அங்கு ஒரே எண் வழக்குக்கு வந்தது.

டாமின் மீட்டர்கள் அடிப்படையில் ஒரு இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் தொகை கொண்ட நகரங்களுக்கானவை. 2011 கணக்கெடுப்பில் கள்ளக்குறிச்சி நகரின் மக்கள் தொகை ஏறத்தாழ 52 ஆயிரம். திண்டிவனம் சுமார் 73 ஆயிரம். மாவட்டத் தலைநகரான விழுப்புரமே 96 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் 34 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தும், இந்த வரையறைக்கு உட்பட்ட ஊர் ஒன்றுகூட அங்கு இல்லை. உளுந்தூர்பேட்டை, சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவிலூர் ஆகிய எல்லா ஊர்களும் வெளியே நின்றன. மலையூர்களைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

இது பணத்தையும் பாதித்தது. அனலாக் கேபிள் காலத்தில் பெட்டியின் முதல் சில எண்களில் தங்கள் அலைவரிசை வர வேண்டும் என்று ஒளிபரப்பாளர்கள் கேபிள்காரர்களுக்கு இடக்கட்டணம் கொடுத்தார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் மீட்டர் இருந்த நகரங்களுக்கே போனது. மீட்டர் இல்லாத ஊரில் முதல் எண்ணில் வருவதால் விளம்பரம் அதிகரிக்காது. மின்வெட்டுக் காலத்தில் இதன் மறுபக்கம் தெரிந்தது. 2012 இல் சென்னையில் இரண்டு மணி நேரம் மின்சாரம் நின்றபோது மற்ற மாவட்டங்களில் அதைப் போலப் பல மடங்கு நின்றது. ஆயினும் இரவுத் தொடர்களின் வரிசை சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களின் கணக்கைப் பார்த்தே வகுக்கப்பட்டது.

வீட்டுக்கு வீடு பெட்டி

சிற்றூர்களை இனியும் ஒதுக்க முடியாது என்ற நிலையை உண்டாக்கியது தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கி 2011 வரை, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 87 விழுக்காடு வீடுகளில் தொலைக்காட்சி இருந்தது. நாட்டின் சராசரி 47 விழுக்காடு மட்டுமே. கேபிள் தொழிலுக்கு ஆதாயம் தேடித்தந்த திட்டம் என்று எதிர்ப்பாளர்கள் சாடினாலும், கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பெண்கள் பிறர் வீட்டு வாசலில் நின்று பார்க்கும் நிலையை ஒழித்தது இத்திட்டமே. இலவச அறிவிப்புகளை எதிர்த்த சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், இத்தகைய வாக்குறுதிகள் ஊழல் நடவடிக்கை ஆகா என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தரத் தொடங்கியதும் சமவெளி ஊர்களில் பார்க்கும் செலவும் குறைந்தது.

மலையில் கேபிள் பெரிதாகப் பரவவில்லை. ஒன்றியத் தலைமையிடமான வெள்ளிமலை, கரியாலூர், சேலம் மாவட்டப் பக்கத்துக் கருமந்துறை போன்ற பெரிய ஊர்களை விட்டால், மலையாளிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் மரவள்ளிக் காடுகளுக்கிடையே சிதறிக் கிடப்பவை. கம்பி இழுக்கும் செலவுக்கு அங்கு இணைப்பு சேராது. அதனால் டிஷ் ஆன்டெனாவே மலையின் வழி ஆயிற்று. 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் கட்டணமில்லா டிஷ் சேவையில் முன்னணித் தமிழ்த் தொடர் அலைவரிசைகள் கிடைக்காததால், மாதக் கட்டண டிஷ்களையே மக்கள் நாட வேண்டியிருந்தது.

பார்க் வந்த பின்

2014 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அளவீட்டு நெறிமுறைகள், தொடக்கத்தில் குறைந்தது 20,000 வீடுகளில் மீட்டர் வேண்டும் என்றும் பின்னர் அதை 50,000 ஆக உயர்த்த வேண்டும் என்றும் விதித்தன. ஒளிபரப்பாளர்கள், விளம்பர நிறுவனங்கள், விளம்பரதாரர்கள் ஆகிய மூவரும் சேர்ந்து, பிரிட்டனின் பார்ப் போன்று அமைத்த பார்க் இந்தியா, 2015 ஏப்ரல் முதல் எண்களை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கிராமக் கணக்கும் சேர்ந்தது. கள்ளக்குறிச்சி போன்ற வட்டாரங்கள் முதன்முறையாகக் கணக்குக்குள் வந்தது அப்போதுதான். சன் டிவி அதன் பின் பல வாரங்கள் அனைத்திந்தியப் பட்டியலிலேயே முதலிடத்தில் இருந்தது.

ஒவ்வோர் அலைவரிசையும் தன் ஒலியில் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைப் பதித்து அனுப்பும். மாதிரி வீட்டின் மீட்டர் அதைப் பிடித்து எந்த அலைவரிசை ஓடுகிறது என்று அறியும். கேபிளா டிஷ்ஷா என்ற வேறுபாடு இதில் இல்லை. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் உண்டு. பார்க்க உட்காரும்போது அழுத்த வேண்டும். சராசரியாக ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே நிகழ்ச்சியின் எண். சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும் வாரத்துக்கு அது கணக்கிடப்படுகிறது. 2020 இல் நாட்டின் 21 கோடித் தொலைக்காட்சி வீடுகளுக்கு 44,000 மீட்டர்கள் இருந்தன. சராசரியாக ஒரு மீட்டர் ஏறத்தாழ 4,800 வீடுகளுக்காகப் பேசியது.

இந்த விகிதம் பிரிட்டனின் விகிதத்துக்கு நெருக்கமானதே. ஆனால் வாழ்க்கை முறை வேறு. கரும்பு வெட்டுக்கும், தொலைதூரத் தோட்ட வேலைக்கும் பருவந்தோறும் குடும்பத்தோடு இடம்பெயர்வோர் மலையிலும் அடிவாரத்திலும் மிகுதி. பூட்டிய வீடு பல வாரங்கள் எதையும் பதியாது. தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரே சந்தை என்பதால் கள்ளக்குறிச்சிக்கோ மலைக்கோ தனி எண் வெளியாவதும் இல்லை. மலையாளிகளின் வாழ்வையோ அவர்கள் பேச்சையோ கொண்ட தொடர் ஒன்று அவர்களுக்கு ஏற்ற நேரத்தில் வர வேண்டும் என்று கேட்பதற்கு, ஆதாரமாகக் காட்ட எண் எதுவும் அவர்களிடம் இல்லை.

நேர வரிசையில் போட்டி வாரந்தோறும் நடக்கிறது. மாலை ஆறு முதல் இரவு பத்தரை வரை அரைமணித் தொடர்கள். எண் சரிந்தால் ஸ்லாட் மாற்றம். எதிர் அலைவரிசையின் பலமான தொடரை எதிர்கொள்ள, இரு தொடர்களின் குடும்பங்களை ஒரே கதையில் இணைக்கும் 'மகாசங்கமம்'. தீபாவளி, பொங்கல் காலையில் பட்டிமன்றமும், மாலையில் திரைக்கு வந்து சில மாதங்களே ஆன புதுப்படமும் சன் டிவி வகுத்து மற்றவர்கள் பின்பற்றிய வரிசை.

மும்பையில் 2020 அக்டோபரில் வெளிவந்த டிஆர்பி முறைகேட்டுப் புகாரை அடுத்து நிறுத்தப்பட்ட செய்தி அலைவரிசை எண்கள் 2022 மார்ச்சில் மீண்டும் வந்தன. தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசையான பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது. இப்போது இளையோர் கைப்பேசியில் தொடர் பார்க்கிறார்கள்.