ஒரு காரின் இறுதி ஊர்வலம்

1970-ம் வருடம், பிப்ரவரி மாதம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் ஹோசே என்கிற ஊரின் கடைத்தெரு வழியாக ஒரு சவ ஊர்வலம் போனது. முன்னால் மூன்று பாதிரியார்கள். கூடவே கல்லூரி பேண்டு கோஷ்டி. பிரேதத்துக்குப் போர்த்துகிற துணி மாதிரி பச்சை அங்கி அணிந்த மாணவிகள். பின்னால் வந்த ‘பிரேதம்’ என்ன தெரியுமா? ஒரு ஃபோர்டு மாவெரிக் கார்! மஞ்சள் கலரில், புத்தம் புது வண்டி.

யாரும் அதை ஸ்டார்ட் பண்ணவில்லை, தள்ளிக்கொண்டே போனார்கள். புகையை எதிர்த்து ஊர்வலம் போகிறவர்கள் புகை விட்டுக்கொண்டா போவார்கள்? சான் ஹோசே ஸ்டேட் கல்லூரி வளாகத்தில் ஆழமான குழி தயாராக இருந்தது. காரை அதற்குள் இறக்கி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள் மாணவர்கள். காற்றைக் கெடுத்த குற்றவாளிக்கு ஈமக்கிரியை முடிந்தது.

‘காசு கொழுத்த பிள்ளைகளின் கூத்து’ என்று உங்களுக்குத் தோன்றலாம். அதே கல்லூரியில் படித்த கறுப்பின மாணவர்களுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் தோன்றியது. காரின் விலை சுமார் 2,500 டாலர். (அப்போது ஒரு டாலருக்கு ஏழரை ரூபாய். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!) இத்தனை பணத்தை மண்ணில் புதைப்பதற்குப் பதில், எங்கள் ஜனங்கள் வாழும் ஏழைக் குடியிருப்புகளுக்குச் செலவிடக்கூடாதா என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால், அந்த ஊர்வலத்தை விட இந்தக் கேள்விக்குத்தான் ஆயுசு அதிகம்.

சரி, மாணவர்களுக்கு ஏன் அத்தனை கோபம்?

அதற்கு முந்தைய வருடம் அப்படி. 1969 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா கடற்கரைக்கு அருகே எண்ணெய்க் கிணறு ஒன்று வெடித்துப் பீறிட்டது. கரையெல்லாம் கறுப்பு. எண்ணெயில் ஊறிச் செத்த பறவைகளை நாடே டி.வி-யில் பார்த்தது. அதே ஜூனில் கிளீவ்லாந்து நகரத்துக் குயஹோகா நதி தீப்பிடித்துக்கொண்டது. ஆமாம், நதிதான். தண்ணீரின் மேல் அவ்வளவு எண்ணெய்க் கழிவு!

விஸ்கான்சின் மாநில செனட்டர் கேலார்ட் நெல்சன், சான்டா பார்பராவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு விமானத்தில் திரும்பும்போது ஒரு யோசனை பிடித்தார். யோசனையின் பெயர், ‘டீச்-இன்’. அது அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. 1965 மார்ச்சில், மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வியட்நாம் போரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யக் கிளம்பி, அப்புறம் மனசு மாறி ஒரு ராத்திரி முழுக்கப் போரைப் பற்றியே பாடம் நடத்தினார்கள். வகுப்பைக் கட் அடிப்பதற்குப் பதில் வகுப்பையே போராட்டமாக்குவது! காற்றுக்கும் தண்ணீருக்கும் இதையே செய்தால் என்ன என்று நெல்சன் நினைத்தார். வேலையை ஒருங்கிணைக்க டெனிஸ் ஹேஸ் வந்து சேர்ந்தார். ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த இருபத்தைந்து வயதுப் பையன். படிப்பை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

தேதி ஏப்ரல் 22, புதன்கிழமை. ஏன் அந்தத் தேதி? தத்துவமெல்லாம் கிடையாது. வசந்தகால விடுமுறை முடிந்திருக்கும், பரீட்சை ஆரம்பித்திருக்காது. அவ்வளவுதான்! மிச்சிகன் மாணவர்களுக்கு மட்டும் அந்தத் தேதி பரீட்சையோடு முட்டியது. எனவே மார்ச் மாதமே நான்கு நாள் திருவிழாவாக நடத்தி முடித்துவிட்டார்கள். அங்கேயும் ஒரு கார் மாட்டிக்கொண்டது. 1959 மாடல் ஃபோர்டு. அதைக் கூண்டில் ஏற்றாத குறையாக நிறுத்தி, விசாரணை நடத்தினார்கள். அமெரிக்க மக்களைக் கொலை செய்தது, மாநில எல்லை தாண்டிப் போய் மாசுபடுத்தியது, டிராஃபிக் ஜாமைத் தூண்டியது, ஏழைகளிடம் பாரபட்சம் காட்டியது என்று வரிசையாகக் குற்றச்சாட்டுகள். முடிவில் சம்மட்டியால் அடித்தே நொறுக்கினார்கள். கடைசிக் குற்றச்சாட்டைக் கவனியுங்கள். சான் ஹோசேயில் கறுப்பின மாணவர்கள் கேட்டது கிட்டத்தட்ட அதைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை. ஏப்ரல் 22-க்கு ‘எர்த் டே’, அதாவது பூமி தினம் என்று பெயர் வைத்தவர் ஜூலியன் கோனிக் என்கிற விளம்பரக்காரர். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை அமெரிக்கர்களின் தலையில் வெற்றிகரமாகக் கட்டிய புகழ்பெற்ற விளம்பரத்தை எழுதியவர்! தினம் வந்தது. கல்லூரி, பள்ளி, தெரு என்று நாடு முழுக்க சுமார் இரண்டு கோடிப் பேர் கலந்துகொண்டதாக மதிப்பிட்டார்கள். நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் போக்குவரத்தை நிறுத்தி, ஜனங்களை நடக்கவிட்டார்கள். அன்றைக்கு லெனினின் நூறாவது பிறந்தநாளாகவும் போய்விட்டது. ‘ஆஹா, கம்யூனிஸ்ட் சதி’ என்று சிலர் கிளப்பிவிட, எஃப்.பி.ஐ. ஆட்கள் கூட்டங்களை நோட்டம் பார்த்தது அடுத்த வருடம் அம்பலமானது.

பேசிக் கலைந்துபோகிற கூட்டமாக அது முடியவில்லை. ஜனாதிபதி நிக்ஸனுக்கு மரம் செடிகளின் மீது பெரிய பாசமெல்லாம் இல்லை. ஆனால், இரண்டு கோடி என்கிற எண் எந்த அரசியல்வாதிக்கும் புரியும். அதே டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு வேலையைத் தொடங்கியது. வருடத்தின் கடைசி நாளன்று தூய காற்றுச் சட்டத்தில் நிக்ஸன் கையெழுத்துப் போட்டார். புதிய கார்களின் முக்கியமான நச்சுப் புகையை 90 சதவிகிதம் குறைத்தே ஆகவேண்டும் என்றது சட்டம். முடியவே முடியாது என்று கார் கம்பெனிகள் அலறின. கெடு தள்ளிப்போனது. ஆனாலும், 1975 மாடல்களிலிருந்து சைலன்ஸருக்கு முன்னால் ஒரு டப்பா உட்கார்ந்துகொண்டது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர்! ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் இந்த டப்பா கெட்டுவிடும். ஆகவே, அதைக் காப்பாற்ற ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. குழந்தைகளின் மூளையைப் பதம் பார்க்கிற ஈயத்துக்கு இப்படிப் பின்வாசல் வழியாக முடிவு கட்டினார்கள். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகர பங்க்குகளில் ஈயமில்லா பெட்ரோல் வந்ததும் இதே டப்பாவுக்காகத்தான்.

ஆனால், ஒரு விஷயம் பாக்கி இருந்தது. அந்த டப்பா என்ன செய்கிறது? விஷ வாயுவான கார்பன் மோனாக்ஸைடை கார்பன் டை ஆக்ஸைடாக மாற்றி வெளியே விடுகிறது. மூக்குக்குத் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. பூமியைச் சூடாக்குவதோ அதுதான்! 1970-ல் மாணவர்களின் சண்டை, கண்ணை எரித்த புகையோடு. எரிக்காத புகையைப் பற்றிப் பேசியவர்கள் அன்று மிகச் சிலரே.

2007-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கேள்வி வந்தது. 1970-ம் வருடத்துச் சட்டம் சொல்கிற ‘காற்றை மாசுபடுத்தும் பொருள்’ என்பதில் கார்பன் டை ஆக்ஸைடும் சேருமா? சேரும் என்றார்கள் ஐந்து நீதிபதிகள். சேராது என்றார்கள் நான்கு பேர். 2009-ல், அந்த வாயு மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு அதிகாரபூர்வமாக அறிவித்தது. அதை ரத்து செய்யலாம் என்று 2025 ஜூலையில் யோசனை வைத்ததும் அதே அமைப்புதான். மறுபடியும் சண்டை, காரின் பின்பக்கக் குழாயில் வந்து நின்றது.