கவலையும் செருப்பும்

காவிரியின் வாய்க்கால்கள் எட்டாத திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கத்து மேட்டுக்காடுகள், நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வருவதற்கு முன்பு, தோலை நம்பியே விளைந்தன. ஆழ்ந்த கிணற்றினின்று எருது பூட்டிக் கவலை என்னும் இறைவையால் நீர் இறைக்கையில், வடக்கயிறு சால் என்னும் வாளியை மேலே தூக்க, வால்கயிறோ சாலின் அடியில் தைத்த தோல் வாலை மடக்கிப் பிடித்திருக்கும். சால் கிணற்றின் விளிம்புக்கு வந்ததும் அந்த வால் தொட்டிக்குள் நீண்டு நீரைக் கொட்டும். வால் கிழிந்தால் அன்றைய பாசனம் நின்றது.

அவ்வாலைத் தைத்தவர்களும், உழவர் காலுக்குச் செருப்புச் செய்தவர்களும் அருந்ததியக் குடும்பத்தினரே. மாண்ட மாட்டின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்தும் வித்தை தந்தையிடமிருந்து மகனுக்குப் பரம்பரையாக வந்தது. அதற்கு ஈடாகக் கிடைத்தது பணமன்று, அறுவடைக் களத்தில் பண்ணையார் அளந்த தானியம். ஊராரின் பாதத்தைக் கல்லினின்றும் முள்ளினின்றும் காத்த அம்மனிதர், தாம் செய்த செருப்பைத் தாமே அணிந்து மேல்சாதியார் தெருவில் நடக்கலாகாதென்று விதித்த வழக்கத்தைப் போன்ற அநியாயம் நம் கிராம சரித்திரத்தில் வேறு அதிகமில்லை.

இத்தொழிலை உயர்த்த ஒருவர் முயன்றதுண்டு. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1903 வாக்கில் குரோம் முறையில் தோல் பதனிடும் பரிசோதனைகளைத் தொடங்கினார். பட்டையிட்ட தோலைவிட ஈரத்தை நன்கு தாங்கும் அத்தோல் கவலைக்கும் செருப்புக்கும் மிகப் பொருத்தமென்று நிரூபித்தார். ஆனால் தனியார் வியாபாரத்தில் அரசு நுழையலாகாதென்ற ஐரோப்பிய வர்த்தகர்களின் ஆட்சேபத்துக்குப்பின், 1910இல் அரசாங்கம் அத்தொழிற்கூடத்தை விற்றுவிட்டது.

1930களில் பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர் ஜில்லாவில் பரவத் தொடங்கியது. கிணற்று மேட்டில் பம்பு செட்டு ஏற ஏற, கவலையும் அதற்குத் தோல் தைத்தவரின் ஜீவனோபாயமும் மெல்ல மறைந்தன. பின்னாளில் ரப்பர்ச் செருப்பு வந்து எஞ்சியதையும் பறித்தது. திருப்பூரின் பனியன் பின்னும் எந்திரங்களைச் சுழற்றியதும் மின்சாரமே. பஞ்சின் செல்வத்தைப் பாராட்டி எழுதியவர்கள், தோலின் இழப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டதே அரிது.

அத்தொழில் மறைந்து பல்லாண்டு கழித்து, திருப்பூர் தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கிய 2009ஆம் ஆண்டிலேயே, அருந்ததியர்க்குக் கல்வியிலும் அரசுப் பணியிலும் பட்டியல் சாதியினர்க்கான இடங்களுக்குள் 3 சதவீத உள் ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் தமிழகத்தில் நிறைவேறியது.