இரத்தம் உறைதல் குறைபாடுகள்: அறிய வேண்டியவை

காயம் ஏற்பட்ட இடத்தில் முதலில் தட்டணுக்கள் ஒன்றுகூடி அடைப்பை உண்டாக்குகின்றன. பின்னர் உறைதல் காரணிகள் ஃபைப்ரின் என்னும் நார்வலையை உருவாக்கி அவ்வடைப்பை உறுதிப்படுத்துகின்றன. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் இரத்தக்கசிவு எளிதில் நிற்பதில்லை.

பிறவிக் குறைபாடுகள்

ஹீமோஃபிலியா ஏ வகையில் 8ஆம் காரணியும், பி வகையில் 9ஆம் காரணியும் குறைவாக இருக்கும். இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பெரும்பாலும் ஆண்களைப் பாதிக்கிறது. மரபணு மாற்றத்தைச் சுமக்கும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் இந்நோய் வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. இதற்காகத் தாயைக் குறைகூறுவது தவறு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இந்நோய் இருந்திராது.

வான் வில்பிராண்டு நோய் இருபாலரையும் பாதிக்கும். பருவமெய்திய நாள்முதல் நீடிக்கும் மிகுதியான மாதவிடாய்ப் போக்கு இதன் அறிகுறியாக இருக்கலாம்.

பின்னர் ஏற்படும் குறைபாடுகள்

* கல்லீரல் நோய்: பெரும்பாலான உறைதல் காரணிகள் கல்லீரலிலேயே உருவாகின்றன.
* வைட்டமின் கே குறைபாடு: இதைத் தடுக்கவே பிறந்த குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி போடப்படுகிறது.
* வார்ஃபரின் போன்ற மருந்துகளின் அளவு மிகுதல்.
* கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடி: நஞ்சு உறைதல் காரணிகளைத் தீர்த்துவிடுகிறது. கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 20 நிமிடங்களில் உறைகிறதா என்று மருத்துவமனையில் சோதிப்பர். நஞ்சுமுறி மருந்தே இதற்குரிய சிகிச்சை.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

காரணமின்றித் தோன்றும் கன்றல்கள், தவழும் குழந்தையின் மூட்டு வீக்கம், பல் பிடுங்கிய பின் நிற்காத இரத்தக்கசிவு ஆகியவற்றைப் புறக்கணிக்காதீர்கள். தொடக்கநிலை உறைதல் பரிசோதனைகள் இயல்பாக இருந்தாலும் வான் வில்பிராண்டு நோய் இல்லை என்று உறுதிசெய்ய இயலாது. காரணிகளைத் தனித்தனியே அளக்க வேண்டும்.

ஹீமோஃபிலியா உள்ளவர்கள் கவனத்திற்கு

* ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் மாத்திரைகளைத் தவிர்க்கவும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் ஏற்றது.
* தசையில் ஊசி போடும் முன்பும், பல் அல்லது அறுவை சிகிச்சைக்கு முன்பும் உங்கள் நோயைத் தெரிவிக்கவும்.
* மூட்டில் கசிவு தொடங்கினால் உடனே காரணி மருந்து பெறவும். தாமதம் மூட்டை நிரந்தரமாக முடக்கும்.
* தலையில் அடிபட்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் காரணி மருந்து, அதன்பின் ஸ்கேன் என்பதே முறை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஹீமோஃபிலியாவை மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. உங்கள் நோயின் வகை, காரணி அளவு, இரத்தப் பிரிவு ஆகியவை எழுதப்பட்ட அட்டையை எப்போதும் உடன் வைத்திருங்கள்.