டி.என்.எஸ். பதிவுத் தேடல் (நிரல்வழி)

டி.என்.எஸ். பதிவுத் தேடல் என்பது ஒரு டொமைன் பெயரின் கீழ் எழுதிவைத்துள்ள முகவரி, அஞ்சல் சேவையகம், பெயர்ச் சேவையகம் முதலிய விவரங்களைக் கேட்டுப் பெறுவது. ஓரிரு பெயர்களுக்கு ‘டிக்’, ‘என்எஸ்லுக்அப்’ ஆகிய கட்டளைகளே போதும். பெயர்கள் பெருகினாலோ, ஒரே கேள்வியை அன்றாடம் கேட்க வேண்டியிருந்தாலோ சிறு நிரல் ஒன்றை எழுதிக்கொள்வார்கள். பைத்தான் மொழியோடு வரும் சாக்கெட் நிரல்கூறு முகவரியை மட்டுமே தரும். மற்ற பதிவு வகைகளுக்கு ‘டிஎன்எஸ்பைத்தான்’ என்ற நூலகத்தைத் தனியே நிறுவிக்கொள்ள வேண்டும்.

இணையத்தின் தொடக்க காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. அதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் பராமரித்தது. அதற்கு மாற்றாக 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்ததே டி.என்.எஸ். இன்றும் அடித்தளமாக உள்ள ஆர்.எஃப்.சி. 1034, 1035 ஆவணங்கள் 1987 நவம்பரில் வெளியாயின. ஒவ்வொரு பதிவு வகைக்கும் ஓர் எண் உண்டு: முகவரிக்கான ஏ 1, பெயர்ச் சேவையகத்துக்கான என்எஸ் 2, அஞ்சல் சேவையகத்துக்கான எம்எக்ஸ் 15, உரைக்கான டிஎக்ஸ்டி 16, ஐபி ஆறாம் பதிப்பு முகவரிக்கான ஏஏஏஏ 28. நிரலில் எழுத்தாகக் கொடுத்தால் நூலகம் அதை எண்ணாக்கி அனுப்பும்.

ராசிபுரத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலை தன் பெயரில் டொமைன் வாங்கியிருக்கிறது என்று கொள்வோம். வலைத்தளம் திறக்கிறது, ஆனால் வடநாட்டு வியாபாரிகள் அனுப்பும் ஆர்டர் மின்னஞ்சல்கள் திரும்பிப் போகின்றன. நிரல் முதலில் ஏ பதிவைக் கேட்கிறது, முகவரி வருகிறது. அடுத்து எம்எக்ஸ் கேட்கிறது, ஒன்றும் இல்லை. எம்எக்ஸ் இல்லாத பெயருக்கு வரும் அஞ்சலை ஏ பதிவின் முகவரிக்கே கொண்டுபோய்ச் சேர்க்க முயல வேண்டும் என்பது விதி. அங்கே இருப்பதோ வலைத்தளச் சேவையகம்; அஞ்சலை வாங்கிக்கொள்ள ஆளில்லை. எம்எக்ஸ் பதிவுகள் பல இருந்தால் ஒவ்வொன்றோடும் 10, 20 என்று ஒரு முன்னுரிமை எண் வரும். சிறிய எண்ணுக்கே முதலிடம் என்பதால், நிரல் வரிசைப்படுத்திக் காட்டினால்தான் படிக்கச் சௌகரியம்.

ஆலை அனுப்பும் அஞ்சல் ஸ்பேமில் விழுந்தால் பார்க்க வேண்டியது டிஎக்ஸ்டி. யார் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரி அதில்தான் இருக்கும். சரிபார்ப்பில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் கொள்கையோ முதன்மைப் பெயரில் இருக்காது. அடிக்கோட்டுடன் ‘டிமார்க்’ என்று முன்னால் சேர்த்த துணைப்பெயரில் இருக்கும். முதன்மைப் பெயரை மட்டும் கேட்கும் நிரல் ‘டிமார்க் இல்லை’ என்று தவறாக அறிக்கை தரும்.

எல்லா வகைகளையும் ஒரே கேள்வியில் வாங்கிவிடலாமே என்று தோன்றும். அதற்கென ‘எனி’ என்ற வகையும் (எண் 255) உண்டு. சிறிய கேள்விக்குப் பெரிய பதிலை வரவழைத்துப் பிறரைத் தாக்க அது பயன்பட்டதால், முழுப் பதில் தரத் தேவையில்லை என்று 2019-இல் ஆர்.எஃப்.சி. 8482 அனுமதித்தது. இன்று அதை நம்பி நிரல் எழுதுவது வீண். வகைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகக் கேட்பதே சரி.

நிரலின் தரத்தை உரசிப் பார்க்கும் இடம், பதில் வராதபோது அது செய்வதுதான். அப்படி ஒரு பெயரே இல்லை என்பது ஒரு பதில். பெயர் உண்டு, கேட்ட வகைப் பதிவு மட்டும் இல்லை என்பது வேறொரு பதில். சேவையகம் வாயே திறக்கவில்லை என்பது பதிலே அல்ல. சற்றுப் பொறுத்து மறுபடி கேட்க வேண்டும். டிஎன்எஸ்பைத்தான் இம்மூன்றையும் வெவ்வேறு பிழைகளாக எழுப்புகிறது. அவசரத்தில் மூன்றையும் ஒரே வலையில் பிடித்து ‘பதிவு இல்லை’ என்று அச்சிட்டால், நெட் துண்டிக்கப்பட்ட நேரத்தில் ஊரிலுள்ள ஆலைகள் அத்தனைக்கும் பெயரே இல்லை என்றாகிவிடும். வந்த பதிலோடு அது எத்தனை நொடிக்குச் செல்லும் என்ற டிடிஎல் மதிப்பையும் குறித்துக்கொள்வது நல்லது. 3600 என்றிருந்தால், பதிவை மாற்றிய பின்னும் இடைச் சேவையகங்கள் ஒரு மணி நேரம் வரை பழையதையே சொல்லக்கூடும்.

தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு படி கூடுதல். பன்மொழி டொமைன் பெயர்களுக்கான முன்னோடி முயற்சி 1998-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினரால் நடந்தது. ‘.இலங்கை’ 2010-இலும் ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ ஆகியவை 2011-இலும் வேர் மண்டலத்தில் சேர்ந்தன. டி.என்.எஸ்.ஸில் இவை தமிழாகச் செல்வதில்லை. ‘ப்யூனிகோடு’ முறையில் ரோமன் எழுத்துகளும் எண்களுமாக மாறி, ‘எக்ஸ்என்’ என்ற முன்னொட்டும் இரண்டு சிறுகோடுகளும் சேர்ந்து செல்கின்றன. முன்னொட்டுக்குப் பின் ‘.இந்தியா’, ‘.இலங்கை’ இரண்டுமே ‘எக்ஸ்கேசி’ என்று தொடங்கும். யூனிகோடில் மிகச் சிறிய குறியெண் கொண்ட எழுத்தையே ப்யூனிகோடு முதலில் எடுக்கிறது. இரண்டிலும் அது ‘இ’. புள்ளிகளுக்கிடையே உள்ள ஒரு பகுதி, மாற்றிய வடிவில், 63 எழுத்தைத் தாண்டக் கூடாது.

நிரலுக்குத் தர வேண்டியது டொமைன் பெயரை மட்டுமே, முழு வலை முகவரியை அல்ல. ராசிபுரம் உள்ள நாமக்கல் மாவட்டத்தின் நிர்வாகத்துக்கு ‘நாமக்கல்.என்ஐசி.இன்’ என்று சொந்தப் பெயர் உண்டு. ராசிபுரம் நகராட்சியின் தளமோ ‘டிஎன்அர்பன்ட்ரீ.டிஎன்.ஜிஓவி.இன்’ என்ற பொதுப் பெயரில், சாய்கோட்டுக்கு அப்புறம் ஊர்ப்பெயருடன் இருக்கிறது. சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது டி.என்.எஸ்.ஸுக்குத் தெரியாது. அந்தத் தளத்திலுள்ள நகராட்சிகளின் இணைப்புகளைப் பட்டியலாக நிரலுக்குக் கொடுத்தால், சாய்கோட்டோடு வெட்டி, இரட்டிப்புகளை நீக்கியபின் கேட்பதற்கு ஒரே பெயர்தான் மிஞ்சும்.